நெல்லைச் சீமையில் ஹஸ்கி குட்டி: வீட்டுப் பழக்கமும் ஓட்டமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், மகாராஜநகர்ப் பக்கங்களில் காலை நேரத்தில் சைபீரியன் ஹஸ்கி குட்டியை நடத்திச் செல்பவர்களை இப்போது பார்க்க முடிகிறது. இரண்டு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள குட்டிகளை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. குளிர்நாட்டு நூல்களில் உள்ள அறிவுரைகளில் பாதி அப்படியே பொருந்தும். மீதியை நம்மூர் வெயிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த இடங்களைச் சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

குட்டிக்கு எட்டு வாரம் ஆகிறது. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழக்குவதை எப்போது தொடங்கலாம்?

வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கலாம். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் தடை செய்கின்றன. எனவே முறையாக வாங்கிய குட்டி எதுவும் பழகத் தொடங்கும் வயதில்தான் உங்கள் கைக்கு வந்திருக்கும்.

இதில் பயிற்சி என்பது பெரும்பாலும் நேரத்தைக் கவனிப்பதுதான். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. விழித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது அரை மணி நேரம்கூடத் தாங்காது. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டு முடித்த பத்து இருபது நிமிடங்களுக்குள், துள்ளி விளையாடும்போது இடையிடையே, படுக்கப் போகும் முன் என்று இந்த நேரங்களில் எல்லாம் நீங்களாகவே அதை வெளியே கொண்டுபோக வேண்டும். எழுந்த குட்டியை நடத்திக் கூட்டிச் சென்றால் தார்சாவைத் தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிடும். முதல் சில வாரங்களுக்குத் தூக்கிக்கொண்டு போவதே நல்லது.

எப்போதும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். கயிற்றைப் பிடித்தபடி பேசாமல் நில்லுங்கள். நீங்கள் விளையாட்டுக் காட்டினால் அது வந்த வேலையை மறந்துவிடும். அது கழித்து முடித்த அந்தக் கணத்திலேயே, அதே இடத்தில், ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்துப் பாராட்டுங்கள். வீட்டுக்குள் திரும்பி வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே ஓடி வந்ததற்குத்தான் பரிசு என்று குட்டி எடுத்துக்கொள்ளும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கழித்தவுடன் உள்ளே இழுத்து வந்து கதவைச் சாத்தினால், சிறுநீர் கழித்தால் உலாவல் முடிந்துவிடும் என்பதை இந்தக் கெட்டிக்கார இனம் மூன்றாம் நாளே கண்டுபிடித்து, வெளியே அடக்கி வைத்து உள்ளே வந்து கழிக்கும். வேலை முடிந்த பிறகு ஐந்து நிமிடமாவது வெளியில் விளையாட விடுங்கள்.

வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிடக் கூடாது. கண்பார்வையில் இருக்கும் ஓர் அறை போதும். பட்டாசலில் கோரைப்பாய், மிதியடி, சாக்கு எது விரித்திருந்தாலும் சில மாதங்களுக்குச் சுருட்டி வைத்துவிடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் பரப்பையே குட்டிகள் தேடிப் போகும். ஒருமுறை நனைந்த பத்தமடைப் பாயிலிருந்து அந்த வாடையை எடுக்கவே முடியாது. விளையாடிக்கொண்டிருந்த குட்டி சட்டென்று விளையாட்டை விட்டுவிட்டுத் தரையை முகர்ந்து வட்டமிட்டால், அதன் பிறகு உங்களுக்குச் சில நொடிகளே இருக்கின்றன.

காலையிலும் மாலையிலும் ஒழுங்காக மாடிக்குப் போகிறது. மத்தியானம் மட்டும் வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. ஏன்?

மாடிக்குச் செருப்பில்லாமல் நீங்கள் ஒருமுறை ஏறிப் பாருங்கள். பங்குனி தொடங்கி ஆவணி வரை நண்பகலில் நம்மூர்த் தட்டட்டியில் கால் வைக்க முடியாது. குட்டி இரண்டடி வைத்துப் பாதம் சுட்டுத் திரும்பி ஓடி வந்து, குளிர்ந்த தரையில் வேலையை முடித்துக்கொள்கிறது. அதைப் பிடிவாதம் என்று எண்ணித் திட்டுகிறோம். புறங்கையைத் தரையில் அழுத்தி ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால், அந்தத் தரை நாயின் பாதத்துக்கும் ஆகாது.

கழிப்பிடம் நாள் முழுவதும் நிழல் விழும் இடமாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரமோ முருங்கையோ இருந்தால் அதனடி மண் போதும். வளவு வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் மண்தரை கிடைக்காதவர்கள், குட்டி நான்கு காலும் வைத்துத் திரும்பும் அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் தட்டில் நான்கு விரல் உயரத்துக்குச் செம்மண் பரப்பி, குளியலறைப் பக்கமோ நிழலான பால்கனியிலோ வைக்கலாம். முதல் நாள் அதன் சிறுநீரில் நனைந்த துணித்துண்டு ஒன்றை அந்த மண்ணில் போட்டு வைத்தால் இடம் அதற்குப் புரிந்துவிடும். மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். மண்ணை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு எதிர்மாறான சிக்கல் வரும். நனைந்த தரையில் கால் வைக்க மறுக்கும் குட்டிகள் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே ஒரு முழம் காய்ந்த மண் இருந்தால் அந்த இரண்டு மாதங்களை ஓட்டிவிடலாம்.

இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாமா?

படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை எடுத்துவிடுங்கள் என்று பல நூல்கள் கூறுகின்றன. குளிர்நாட்டில் அது சரியாக இருக்கலாம். சித்திரையில் நள்ளிரவிலும் புழுக்கம் அடங்காத நம் ஊரில், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியே உடற்சூட்டைத் தணிக்கும் இந்த விலங்குக்குத் தண்ணீரை மறுப்பதை நான் ஏற்கமாட்டேன். தண்ணீர் இருக்கட்டும், கடைசிச் சாப்பாட்டை இரவு ஏழு மணிக்குள் முடித்து, பத்து மணிக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோய், இரவு நடுவில் ஒருமுறை அலாரம் வைத்து எழுந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், வேலை முடிந்ததும் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். நான்கு மாதம் ஆகும்போது பெரும்பாலான குட்டிகள் விடியும்வரை தாங்கும்.

உள்ளே கழித்துவிட்டால் அடிக்கலாமா? அதில் மூக்கைத் தேய்த்தால் புத்தி வரும் என்கிறார்களே?

வராது. சற்று முன் செய்ததையும் இப்போது கிடைக்கும் அடியையும் குட்டியால் சேர்த்துப் பார்க்க முடியாது. நீங்கள் இருக்கும்போது கழிப்பது ஆபத்து என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, கட்டிலுக்கடியிலோ அடுக்களை மூலையிலோ ஒளிந்து கழிக்கத் தொடங்கும். பிறகு வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் கண்முன்னால் கழிக்காது. கழித்துக்கொண்டிருக்கும்போதே கண்டால், கையைத் தட்டி அதன் கவனத்தைத் திருப்பி, அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். முடிந்த பிறகு கண்டால் துடைப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

துடைப்பதிலும் முறை இருக்கிறது. முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த கரைசலைத் தெளித்துக் காய விடுங்கள். அது கிடைக்காவிட்டால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைக்கலாம். மார்பிள் தரைக்கு மட்டும் வினிகர் ஆகாது, கல் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் மேல் தூவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயுவை உண்டாக்குவதால் அதைச் செய்யவே கூடாது. பினாயில் போட்டுத் துடைத்தால் தரை நன்றாகக் காயும்வரை குட்டியை உள்ளே விடாதீர்கள். பாதத்தில் ஒட்டியதை அது நக்கும்.

நன்றாகப் பழகியிருந்த குட்டி திடீரென்று மறுபடியும் வீட்டுக்குள் கழிக்கிறது.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சொட்டுச் சொட்டாக, அடிக்கடி, முக்கி முக்கிக் கழித்தாலோ சிறுநீர் சிவந்திருந்தாலோ அது சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம். உடம்பில் குறை இல்லை என்றால் வயதைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஆண் குட்டி சுவரிலும் கதவு நிலையிலும் காலைத் தூக்கி எல்லை போடத் தொடங்கியிருக்கலாம். வெளியூர் போயிருந்த அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் வயிறு தரையைத் தொடக் குனிந்து சொட்டு விட்டால், அது பணிவு காட்டும் குணமே. முதல் சில நிமிடங்கள் அதைப் பாராதது போல உள்ளே போய்விட்டால் நாளடைவில் நின்றுவிடும்.

கூண்டில் அடைப்பது பாவம் என்கிறார் எங்கள் ஆச்சி.

நாள் முழுவதும் பூட்டி வைத்தால் ஆச்சி சொல்வதுதான் சரி. குட்டி எழுந்து நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவுள்ள கூண்டு அதற்குப் படுக்கை அறை. படுத்த இடத்தை அசுத்தம் செய்ய நாய் விரும்பாது என்பதால்தான் அது பழக்கத்துக்கு உதவுகிறது. மின்விசிறிக் காற்று படும் இடத்தில், வெறும் தரை தெரியும்படி வைத்து, கதவைத் திறந்தே போட்டு, உள்ளே சாப்பாடு கொடுத்துப் பழக்குங்கள். தண்டனைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், பூட்டிய கூண்டில் ஹஸ்கியை விட்டுவிட்டு எல்லாரும் வெளியே போவதும் கூடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட விட வேண்டும்? ஓயவே மாட்டேன் என்கிறது.

சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனம் இது. 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மாற்று மாற்றாக நாய்க் குழுக்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி மருந்தைக் கொண்டு சேர்த்தன. இந்த இனத்தின் பெயர் உலகெங்கும் பரவியது அந்த ஓட்டத்தால்தான். கடுங்குளிரில் நெடுந்தொலைவு ஓடும் உடல்வாகு அதன் இரத்தத்தில் இருக்கிறது. ஆனால் ஓடியவை வளர்ந்த நாய்கள். குட்டியின் கால் எலும்புகளின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூட ஒரு வயது, சிலவற்றுக்கு ஒன்றரை வயது ஆகும். அதுவரை கட்டாயப்படுத்தி நெடுந்தூரம் ஓட்டுவதும், உயரத்திலிருந்து குதிக்க விடுவதும், மாடிப்படியில் ஏறி இறங்க வைத்து விளையாடுவதும் மூட்டைக் கெடுக்கும்.

ஒரு வேளைக்கு, வயதில் மாதம் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வீதம் கயிற்று நடை என்று வளர்ப்பவர்களிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. அது ஆராய்ந்து கண்ட அளவு அன்று. ஆயினும் கண்மூடித்தனமாக ஓட்டுவதைத் தடுப்பதால் பயனுள்ளது. நான்கு மாதக் குட்டிக்குக் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் நடை. அதற்கு மேல் மண்தரையில் அதன் இஷ்டத்துக்கு ஓடி, நின்று, படுத்து விளையாடுவது எவ்வளவு இருந்தாலும் சரியே. வளர்ந்த ஹஸ்கிக்கு நாளுக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தேவைப்படும்.

ஓயாத குட்டிக்கு இன்னும் ஓட்டம் வேண்டும் என்பதே எல்லாரும் செய்யும் முடிவு. நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அந்தக் குட்டிக்குத் தேவைப்படுவது தூக்கம். இந்த வயதில் ஒரு நாளில் பதினாறு முதல் பதினெட்டு மணி நேரம் அது தூங்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மாற்றி மாற்றித் தூக்கிக் கொஞ்சும் வீட்டில் அந்தத் தூக்கம் கிடைக்காது. மாலை ஏழு மணிக்குக் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு சோபாவைச் சுற்றிச் சுற்றி ஓடி, பாவாடையையும் வேட்டியையும் கடித்து இழுக்கும். அப்போது பந்தை எறிந்தால் இன்னும் வெறிதான் ஏறும். விளக்கைக் குறைத்து, கூண்டில் விட்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் உறங்கிவிடும்.

எந்த நேரத்தில் நடத்துவது?

கோடையில் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மாலையில் சூரியன் மறைந்தவுடன் கிளம்பக் கூடாது. பகலெல்லாம் வெயில் குடித்த தார்ச்சாலை இரவு எட்டு மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மண்பாதையைத் தேடிப் போங்கள், அல்லது எட்டரைக்கு மேல் கிளம்புங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசும் நாட்களில் நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். மார்கழி, தை இரண்டும்தான் ஹஸ்கி நம் ஊரில் மனம் விட்டு ஓடும் மாதங்கள்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்த்துத் தணிய அதற்கு வழியில்லை. நாக்கின் ஈரம் ஆவியாக வேண்டும், காற்றிலேயே ஈரம் மிகுந்தால் அதுவும் நடக்காது. அதனால் மழைக்கு முந்திய புழுக்கமான நாள், வெயிலே இல்லாவிட்டாலும் கத்திரி வெயிலுக்கு நிகரான ஆபத்தை உடையது. நிழலில் படுத்த பிறகும் மூச்சிரைப்பு அடங்காமலிருப்பது, ஈறு செங்கல் நிறத்துக்கு மாறுவது, எச்சில் பசைபோல் தொங்குவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே உடம்பு முழுவதும், சிறப்பாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும், தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது வெந்நீராக இருக்கும். கிணற்றுத் தண்ணீரோ, வீட்டுக்குள் வாளியில் பிடித்து வைத்ததோ வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளே அடைத்துவிடும்; துண்டு வேண்டாம், ஊற்றிக்கொண்டே இருங்கள். இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகத்துக்கோ அருகில் உள்ள மருத்துவருக்கோ போகும் வழியும், அங்கே சிகிச்சை நடக்கும் நேரமும், தொலைபேசி எண்ணும் சித்திரைக்கு முன்பே உங்களிடம் இருக்க வேண்டும்.

ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி கயிற்றைப் பிடித்து ஓட விடலாமா?

கூடாது. நிற்க வேண்டும் என்று அதற்குத் தோன்றும்போது நிற்க முடியாது. வேகத்தை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், சூட்டை அது தாங்குகிறது. தெருநாய் ஒன்று குறுக்கே வந்தால் இருவருக்கும் ஆபத்து.

தடுப்பூசி முழுவதும் முடியவில்லை. அதுவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதா?

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை கூட்டுத் தடுப்பூசியும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது வழக்கம். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால், தெருநாய்கள் நடமாடும் இடத்தில் அதுவரை குட்டியை இறக்கி விடக் கூடாது. அதே சமயம் மூன்று முதல் பதினான்கு வாரம் வரைதான் உலகத்தைப் பார்த்து அஞ்சாமலிருக்க அது கற்கும் பருவம். இரண்டையும் ஒத்துப்போக வைக்க, தூக்கிக்கொண்டு போங்கள். வண்ணார்பேட்டையில் பேருந்துகள் போகும் இரைச்சலையும், கோயில் மணியையும், கொட்டுச் சத்தத்தையும், தலைச்சுமை வியாபாரியின் குரலையும் உங்கள் கையிலிருந்தபடியே அது கேட்கட்டும். பக்கத்து வீட்டில் ஊசி போட்ட, சாதுவான நாய் இருந்தால் அதோடு பழக விடலாம்.

வெளியே போக முடியாத பகலில் அதன் சக்தியை எப்படிச் செலவழிப்பது?

மூக்குக்கு வேலை கொடுங்கள். கிண்ணத்தில் தீனியைக் கொட்டினால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு பழைய சுளகில் அதே தீனியைப் பரப்பி, மேலே கிழிந்த துணிகளைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கி வையுங்கள். முதல் நாள் சுளகையே கவிழ்த்துவிடும். விளிம்பில் உங்கள் காலை வைத்துப் பிடித்துக்கொண்டால், மூக்கை நுழைத்து ஒவ்வொரு மடிப்பாகத் துழாவி, கால்மணி நேரம் உழைத்துச் சாப்பிட்டு முடித்து, அதே இடத்தில் சாய்ந்து படுக்கும். அரைமணி நேர நடையில் வராத களைப்பு இதில் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். தின்பண்டத்தை வீட்டில் ஒளித்து வைத்துத் தேட விடுவது, தண்ணீரில் தீனி போட்டு உறைய வைத்த பனிக்கட்டியை நக்க விடுவது, ஐந்து நிமிடம் உட்கார், இரு, வா என்று பழக்குவது எல்லாம் இதில் சேரும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். தாத்தா 'இங்க வா' என்றும் பேரன் 'கம்' என்றும் கூப்பிட்டால் அது இருவரிடமும் வராது.

தேங்காய்க் கதம்பையைக் கடிக்கக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. ஹஸ்கி குட்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அது நாரைப் பிய்த்துத் துப்பாமல் விழுங்கும். விழுங்கிய நார் குடலில் பந்தாகச் சுருண்டு அடைத்தால் அறுவை வரை போகும். உடைக்க முடியாத கெட்டி ரப்பர்ப் பொம்மை நல்லது.

தாமிரபரணியில் நீந்த விடலாமா?

தடுப்பூசி முடிந்து, எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் அதில் அடங்கியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு, ஆழமில்லாத, இழுப்பு இல்லாத இடத்தில், நீளக் கயிற்றோடு விடலாம். குளிக்கும் படித்துறையை விட்டுத் தள்ளிப் போங்கள். குறுக்குத்துறைப் படியில் பெண்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது நாயை இறக்குவது யாருக்கும் பிடிக்காது. அணையில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களிலும் மழைக்காலத்திலும் ஆற்றுப் பக்கமே வேண்டாம். திரும்பி வந்ததும் உள்முடி வரை துவட்டி விசிறிக் காற்றில் காய வைக்க வேண்டும். ஈரம் தங்கினால் இரண்டே நாளில் தோலில் புண் வரும். காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கயிற்றை இழுத்துக்கொண்டே போகிறது. மைதானத்தில் அவிழ்த்து விட்டால் என்ன?

இழுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய் இழுக்கத்தான் செய்யும். கழுத்துப் பட்டையை விட்டு மார்புப் பட்டை போடுங்கள். கயிறு விறைத்தவுடன் நில்லுங்கள், தளர்ந்தவுடன் நடங்கள். முதல் வாரம் தெருமுனை வரை போவதற்குள் அலுத்துவிடும்.

அவிழ்த்து விடுவது வேறு விஷயம். ஓடும் ஒன்றைக் கண்டுவிட்டால் ஹஸ்கிக்குக் காது கேட்காது. ஊரைத் தாண்டினால் ஆட்டுக் கிடை, வீட்டுக் கோழி, வயல் வரப்பில் மயில் என்று துரத்துவதற்கு இங்கே குறைவே இல்லை. மயில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. உங்கள் நாய் அதைக் கடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பறவைகள் கூடு கட்டும் கூந்தன்குளத்துக்கும், களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கும் நாயை அழைத்துச் செல்லவே கூடாது. நாற்புறமும் சுவர் உள்ள இடத்தில், பத்து மீட்டர் நீளக் கயிற்றைத் தரையில் இழுபட விட்டு, கூப்பிட்டால் வரும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். அந்தச் சுவரின் அடியைத் தோண்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடைக்கு முடியை மழித்துவிடலாமா?

வேண்டாம். இரட்டை அடுக்கு முடியின் வெளியடுக்கு வெயிலைத் தடுக்கிறது. மழித்தால் தோல் சுடும், முடி ஒழுங்காகத் திரும்பி வளராமலும் போகும். உதிரும் உள்முடியைச் சீப்பால் வாரி எடுத்தால் காற்று உள்ளே போகும். அது போதும்.

என்ன சாப்பாடு? நேரத்துக்கும் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு என்று குறித்த நேரத்தில் கொடுத்து, கால்மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிட்டால் மலம் கழிக்கும் நேரமும் ஒழுங்குக்கு வரும். சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள். வெறும் சோறும் குழம்பும் இந்த இனத்துக்குப் போதாது. துத்தநாகக் குறைவால் கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் தடித்து உதிரும் நோய் ஹஸ்கிக்கு வரக்கூடியது, தானியமே முதன்மையான சாப்பாடு அதை மோசமாக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு ஆகியவை எந்த நாய்க்கும் ஆகாது. அல்வாவைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நெய்யும் சீனியும் கணையத்தைத் தாக்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமும் சொல்லி வையுங்கள்.

இரவில் ஊளையிடுகிறது, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள்.

ஹஸ்கி குரைப்பதைவிட ஊளையிடுவது அதிகம். சங்கு, ஒலிபெருக்கி, ஆம்புலன்ஸ் எதற்கும் பதில் கொடுக்கும். அது ஊளையிடும்போது போய்க் கொஞ்சினாலும் திட்டினாலும் இரண்டையுமே பரிசாக எடுத்துக்கொள்ளும். அடங்கிய பிறகு போங்கள். தனியே மொட்டை மாடியில் கட்டிப் போட்ட குட்டி ஊளையிடாமலிருக்காது, அதை வீட்டுக்குள் உங்கள் அருகில் படுக்க வையுங்கள். பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் உங்கள் நாய் காலைத் தூக்காமல் பார்த்துக்கொண்டு, மலத்தைக் காகிதத்தில் அள்ளி எடுத்தால், ஊளையைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் அவர்களுக்கு வரும்.

இன்னும் வாங்கவில்லை. நம் ஊரில் ஹஸ்கி வாங்கலாமா?

குளிரூட்டிய அறையும், மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடும், தினமும் விடியுமுன் எழும் ஓர் ஆளும் வீட்டில் இல்லையென்றால் வாங்காதீர்கள். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று இனப்பெருக்கத்துக்குத் தடை விதிக்கப்பட்ட வெளிநாட்டு இனங்களில் சைபீரியன் ஹஸ்கியும் இருந்தது. ஓட்டமும் அழகும்தான் வேண்டுமென்றால், கோவில்பட்டி, இராஜபாளையம் வட்டாரங்களில் பிறந்த சிப்பிப்பாறையும் கன்னியும் இராஜபாளையமும் இருக்கின்றன. குட்டை முடியும் மெலிந்த உடம்பும் இந்த வெயிலுக்கே அமைந்தவை. அவையும் வேட்டை நாய்கள்தாம், அவற்றுக்கும் ஓட்டம் வேண்டும். ஆனால் வைகாசி மாதத்தில் அவற்றின் உயிருக்காக மின்சார வாரியத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

வாங்கியாயிற்று. எத்தனை வயதில் அடங்கும்?

வீட்டுப் பழக்கம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும். சில குட்டிகள் ஒரு வயது வரை எடுத்துக்கொள்ளும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை கற்றதையெல்லாம் மறந்ததுபோல் நடிக்கும் பருவம் ஒன்று வரும், அப்போது பயிற்சியைத் தொடக்கத்திலிருந்தே மறுபடியும் செய்யுங்கள். துள்ளல் இரண்டு மூன்று வயதில் குறையும். காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கும் வேலை மட்டும் குறையாது.